முன்கணிப்புக் குறிப்பான் வேண்டாம், துலங்கல் குறிப்பான் என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கதிர்வீச்சுக்கோ நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கோ (உடலின் எதிர்ப்பாற்றலைக் கட்டிக்கு எதிராக முடுக்கும் சிகிச்சை) ஒரு புற்றுக்கட்டி கட்டுப்படுமா என்று முன்கூட்டியே சொல்லும் மரபணு அடையாளங்களை (predictive marker) தமிழில் 'முன்கணிப்புக் குறிப்பான்' என்று அழைக்கலாம் என இங்கே ஐயா ஒருவர் எழுதியிருந்தார். குறிப்பான் சரி, பழகிய சொல். முன்கணிப்புதான் இடிக்கிறது. நோய் போகப்போக என்ன ஆகும் என்பதற்கும் அதே சொல்லைத்தானே புழங்குகிறோம்? எந்தச் சிகிச்சை தந்தாலும் நோயின் போக்கு எப்படி இருக்கும் என்பது ஒரு கேள்வி. இந்தச் சிகிச்சை தந்தால் கட்டி கரையுமா என்பது வேறு கேள்வி.

இரண்டும் எவ்வளவு வேறு என்பதைத் தொண்டைப் புற்றுநோயில் பார்க்கலாம். எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) என்ற வைரசால் வரும் தொண்டைப் புற்று, மற்றவற்றைவிட நல்லபடியாகக் குணமாகும். அப்படியானால் கதிர்வீச்சோடு தரும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை எடுத்துவிட்டு, பக்கவிளைவு குறையும் என்ற நம்பிக்கையில் செட்டுக்சிமாப் என்ற வேறு மருந்தைத் தந்து பார்க்கலாமே என்று இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2018இல் முடிவு வந்தபோது, செட்டுக்சிமாப் பெற்றவர்களில்தான் இறப்பு கூடுதலாக இருந்தது. வைரசின் தடயம் நோய்ப்போக்கைச் சரியாகவே சொன்னது. எந்த மருந்து பலிக்கும் என்பதை அது சொல்லவில்லை.

அதனால் என் பரிந்துரை: நோயின் போக்கைச் சொல்லும் முதல் வகைக்கு (prognostic) 'நோய்ப்போக்குக் குறிப்பான்', சிகிச்சைக்குக் கட்டி கட்டுப்படுமா என்று சொல்லும் இரண்டாவதற்குத் (predictive) 'துலங்கல் குறிப்பான்'. தூண்டல் (stimulus), துலங்கல் (response) இரண்டும் பள்ளி உயிரியலிலேயே படித்தவை. புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நம் ஊரில் கதிர்வீச்சைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள், 'கட்டி கரண்டுக்குக் கேட்குதா?' என்று விசாரிப்பார்கள். அந்தக் 'கேட்குது'வை வைத்துக் 'கேட்புக் குறிப்பான்' என்று ஆக்க எனக்கு ஆசைதான். ஆனால் வங்கியில் 'கேட்பு' (டிமாண்ட்) என்று வேறு பொருளில் உட்கார்ந்துவிட்டது.

ஒரே குறிப்பான் இரண்டு வேலையும் செய்யலாம் என்பதையும் மறக்கக் கூடாது. செல் பிரியுமுன் டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது வரும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் பழுதான குடற்புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க நிலையில் அந்தப் பழுது நல்ல நோய்ப்போக்கைக் காட்டும். அதே பழுதுதான் நோயெதிர்ப்புச் சிகிச்சைக்குத் துலங்கல் குறிப்பானும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட மலக்குடல் புற்றுள்ள 12 பேருக்கு டோஸ்டர்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் தந்தார்கள். 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. கதிர்வீச்சும் இல்லை, அறுவையும் இல்லை. மலக்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வாழ வேண்டியிருந்திருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! இதைத் தமிழில் எழுதும்போது சொல் தெளிவாக இருந்தே ஆக வேண்டும்.

கதிர்வீச்சுப் பக்கம் இன்னும் இவ்வளவு தூரம் வரவில்லை. ஃபுளோரிடாவின் மோஃபிட் மையத்தார் 10 மரபணுக்களின் வெளிப்பாட்டை (அவை எவ்வளவு செயல்படுகின்றன என்பதை) அளந்து, கட்டி கதிருக்கு எவ்வளவு கட்டுப்படும் என்று காட்டும் ஒரு கதிர் உணர்திறன் எண் உருவாக்கினார்கள். 2017இல் அதோடு கதிர் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இதைக் 'கதிர்த் துலங்கல் குறிப்பான்' என்று சொல்வதில் சிக்கல் இல்லை.

நோயெதிர்ப்புப் பக்கம்தான் கவனம் வேண்டும். 'நோயெதிர்ப்புத் துலங்கல்' என்று எழுதினால் உடலின் எதிர்ப்பாற்றல் துலங்குவதாகப் பொருள்பட்டுவிடும். நாம் சொல்வது கட்டி துலங்குவதை. அங்கே மட்டும் 'நோயெதிர்ப்புச் சிகிச்சைத் துலங்கல்' என்று நீட்டித்தான் எழுத வேண்டும். நீளம்தான், வேறு வழியில்லை.

அப்புறம், எதிர்மறைக்கும் இந்த வேர்ச்சொல் வளைந்துகொடுக்கிறது. நுரையீரல் புற்றில் எஸ்.டி.கே.11 மரபணு பழுதானால் நோயெதிர்ப்பு மருந்துகள் பெரும்பாலும் சரியாக வேலை செய்வதில்லை. அதைத் 'துலங்காமைக் குறிப்பான்' எனலாம். 'முழுத் துலங்கல்', 'பகுதித் துலங்கல்' என்றும் பிரிக்கலாம். ஆனால் நோயாளியைத் 'துலங்காதவர்' என்று யாரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். துலங்காதது கட்டி.

கடைசியாக ஒரு கேள்வி. கட்டியின் டி.என்.ஏ.வில் பத்து லட்சம் காரங்களுக்கு (டி.என்.ஏ. எழுத்துகளுக்கு) 10 அல்லது அதற்கு மேல் சடுதிமாற்றம் (mutation) இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைத் தரலாம் என்று 2020இல் அமெரிக்கா அனுமதித்தது. அந்த அளவுக்குச் 'சடுதிமாற்றச் சுமை' என்று வைத்திருக்கிறேன். 'சுமை' பொருந்துகிறதா, 'செறிவு' மேலா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.