சிங்கப்பூர் ஓட்டக்காரர்களே, லாக்டேட் டெஸ்ட் (ஓடும்போது தசையில் உருவாகி ரத்தத்தில் கலக்கும் லாக்டேட்டை அளப்பது) எடுத்தவர்கள் உண்டா? உங்களுக்கு எப்படிப் போனது?

பிடோக்வாசி:
டிசம்பர் மாரத்தானுக்காக ஒரு பயிற்சி மையத்தில் லாக்டேட் டெஸ்ட் எடுத்தேன். முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ட்ரெட்மில், சில நிமிடத்துக்கு ஒருமுறை வேகம் கூடும், நடுவில் நிறுத்திக் காதுச்சோணையில் ஒரு குத்து. அதில் குறையில்லை. முடிந்ததும் அங்கிருந்த தம்பி வரைபடத்தை அச்சடித்து மேசையில் வைத்தார். மணிக்கு 11 கிலோமீட்டர் வரை தரையோடு கிடந்த கோடு அப்புறம் விறுவிறுவென்று ஏறியிருந்தது. ஏறத் தொடங்கிய இடம் லிட்டர் ரத்தத்துக்கு 2.5 மில்லிமோல் லாக்டேட் பக்கம். அவர் ஸ்கேலை எடுத்து 4-க்கு நேராகக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "இதாண்ணே உங்க த்ரெஷோல்ட்" என்று வட்டம் போட்டுக் கொடுத்தார். த்ரெஷோல்ட் என்றால் லாக்டேட் விறுவிறுவென்று ஏறத் தொடங்கும் எல்லை. "தம்பி, இங்கேயே ஏறிடுச்சே?" என்று கேட்டால், "எல்லாருக்கும் 4 தாண்ணே" என்கிறார். நான் கேட்டதை அவர் காதில் வாங்கவே இல்லை! அந்த வேகத்தில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே நாக்குத் தள்ளுகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

செங்காங் அக்கா:
எனக்கு இதற்கு நேரெதிர். ஏகாதசி விரதம் முடித்து மறுநாள் காலை ஒன்றும் சாப்பிடாமல் ஓடப் போனோம். வீட்டுக்காரர்தான் லாக்டேட் மீட்டர் பிடிப்பவர். வழக்கமாக 2.2 காட்டும் வேகத்தில் அன்று 1.3. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. என் ரத்தம் ஒட்டிய விரலோடு சேர்த்துப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். நான் மூச்சு வாங்கி முடிக்கும் முன்பே கொழுந்தனார் "அண்ணி சூப்பர்" என்கிறார், மாமியார் கைகூப்புகிறார். ஆனால் ஃபேபர் மலைச் சரிவில் கால் எழும்பவே இல்லை, நடந்துதான் ஏறினேன்.

பிறகுதான் ஒரு பயிற்றுநர் சொன்னார். தசையில் கிளைகோஜன் (சேமித்து வைத்த சர்க்கரை) இருப்புக் குறைந்தால் உடல் கொழுப்பை அதிகம் எரிக்கும், லாக்டேட்டும் குறைவாகத்தான் உருவாகும். எண் இறங்கினால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, சாப்பாடு போதவில்லை என்றும் இருக்கலாம். இதை அந்தக் குடும்பக் குழுவில் யாரிடம் போய் விளக்குவது?

இரண்டுவேளை ஓட்டம்:
பிடோக்வாசி அண்ணே, அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்லாதீர்கள். 4 என்பது 1976-இல் ஜெர்மனியில் அலோய்ஸ் மேடர் குழுவினர் முன்வைத்த எண். சராசரிக்கு அது சரி. ஆனால் ஓட ஓட லாக்டேட் ஏறாமல் ஒரே அளவில் நிற்கும் உச்சம் ஒருவருக்கு 3 என்றால் இன்னொருவருக்கு 6-கூட இருக்கும். அது போக, நீங்கள் டெஸ்ட் எடுத்தது ஏர்கான் அறை. வெளியே நம் ஊர்ப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கு இதயத்துடிப்பும் லாக்டேட்டும் கூடத்தான் செய்யும்.

என் அனுபவம் சின்னது. பீஷான் விளையாட்டரங்கில் இன்டர்வல் (வேகமாக ஓடி, ஓய்ந்து, மறுபடி ஓடுவது) நடுவே நண்பன் விரலில் குத்தினான். மீட்டர் 9.8 என்றது. நான் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறேன், அவன் முகம் வெளிறிவிட்டது, "உட்காருடா முதல்ல" என்கிறான். விரலைத் துடைத்து மறுபடி எடுத்தால் 2.9. வியர்வை! வியர்வையிலேயே லாக்டேட் நிறைய இருக்கிறது, ஒரு பொட்டு கலந்தால் போதும். அதனால் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவி நன்றாக ஈரம் போகத் துடையுங்கள். முதல் சொட்டு வேண்டாம், இரண்டாவதை எடுங்கள். ரத்தம் வைத்து மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் தோலில் படக்கூடாது. டெஸ்டுக்கு முன் கோப்பி வேண்டாம். வெயிலில் நிற்கும் காரில் ஸ்ட்ரிப் வைக்காதீர்கள்.

இன்னொன்று. நார்வேக்காரர்கள் ஒரே நாளில் காலை, மாலை இரண்டு வேளையும் த்ரெஷோல்ட் ஓட்டம் ஓடுகிறார்கள். அந்த வழியை முதலில் வகுத்தவர் மாரியஸ் பாக்கன், தானே 5000 மீட்டர் ஓடியவர், மருத்துவர். அவர்கள் மீட்டர் வைத்திருப்பது வேகத்தைக் கூட்ட இல்லை, 3 பக்கம் தாண்டாமல் அடக்கத்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய யாக்கோப் இங்கபிரிட்சன் வளர்ந்ததும் இப்படித்தான். நீங்களும் செவ்வாய், வியாழன் இரண்டு வேளை ஓடிப் பாருங்கள். காலையில் ஆறு நிமிட ஓட்டம் ஐந்து, ஒரு நிமிட ஓய்வு...

பிடோக்வாசி:
தம்பி, காலையில் ஓடி, வேலைக்குப் போய், மாலையில் மறுபடி ஓடினால் என் பிள்ளைகளை யார் டியூஷனுக்குக் கூட்டிப்போவது? நான் கேட்டது வேறு யாருக்காவது 4 என்று கோடு போட்டார்களா என்று.

தேக்கா மாமா:
நான் நீரிழிவுக்காரன், தினமும் விரலில் குத்திக்கொள்பவன். அதனால் மகள் மீட்டரோடு வந்தபோது பயமில்லை. மெக்ரிட்ச்சியில் அவளைத் திட்டிக்கொண்டே ஓடினேன், முழு வாக்கியமாக. 1.8 வந்தது. வேகம் கூட்டினேன், "போதும்மா" என்ற ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. 3.6. பேச்சே காட்டிக்கொடுத்துவிட்டதே, இதற்கு ஏன் இவ்வளவு காசு? எங்கள் தேசிய சேவைக் காலத்தில் 2.4 கிலோமீட்டர் முடிந்ததும் "லாக்டிக் அமிலம் ஏறிடுச்சு, நாளைக்கு வலிக்கும்" என்பார் சார்ஜன்ட். வலிக்கவும் செய்தது.

செங்காங் அக்கா:
மாமா, அந்த லாக்டேட் ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். இதயமும் தசையும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். மறுநாள் வலி தசையில் விழும் நுண்ணிய சேதத்தால் வருவது, சார்ஜன்ட் சொன்ன காரணம் இல்லை. பேச்சுச் சோதனை விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். சும்மா ஓடும் நாளில் மீட்டரை எடுப்பதே இல்லை.

பிடோக்வாசி, 4 கோடு என் தோழிக்கும் போட்டார்கள். அவளுக்கு அது பொருந்திவிட்டது என்பதுதான் வேடிக்கை. என்னிடம் ஸ்ட்ரிப் பெட்டி ஒன்று காலாவதியாகப் போகிறது. சனிக்கிழமை காலை பிடோக் நீர்த்தேக்கம் வருகிறோம், வேண்டுமானால் வாருங்கள், உங்கள் வேகத்தில் வெளியிலேயே எடுத்துப் பார்க்கலாம். ஊசி மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.