400 கோப்புகளை வரைய எது நல்லது: க்னூபிளாட்டா, பைத்தானா?

வெப்பஓட்டம்:
என் ஃபோர்ட்ரான் நிரல் வெப்பப் பரவலைக் கணக்கிட்டு 400 உரைக் கோப்புகளைக் கொட்டுகிறது. ஒவ்வொன்றிலும் நேரம், தூரம், வெப்பநிலை என மூன்று பத்திகள். எக்செல்லில் ஒவ்வொன்றாகத் திறந்து வரைந்து கை ஓய்ந்துவிட்டது. ஆய்வேட்டுக்குப் படங்கள் வேண்டும். எதைக் கற்றுக்கொள்ளலாம்?

பழைய_டெர்மினல்:
க்னூபிளாட். கட்டளை எழுதிப் படம் வரையும் மென்பொருள், 1986-இல் வந்தது, இன்றும் ஓடுகிறது. 'பிளாட்', கோப்பின் பெயர், 'யூசிங் 2:3 வித் லைன்ஸ்' என்று ஒரே வரி போதும். 400-க்கும் ஒரு 'டூ ஃபார்' சுற்று. முடிந்தது.

பாம்பாட்டி:
வரைவது சரி, அதற்கு முந்தைய வேலை? எந்தக் கடத்துத்திறனுக்கு உச்ச வெப்பநிலை எப்போது வந்தது என்று 400 கோப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? க்னூபிளாட்டில் கணக்குப் பார்க்க 'ஸ்டாட்ஸ்' உண்டு, தெரியும். ஆனால் குழு பிரிக்க 'ஆக்' (awk) என்ற தனி உரைக் கருவியைத்தானே கூப்பிடுவீர்கள்? பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் ஒரு 'குரூப்பை' (groupby) போதும், படத்துக்கு மேட்பிளாட்லிப் நூலகம்.

பழைய_டெர்மினல்:
'ஆக்' என்ன பாவம் செய்தது? உங்கள் பைத்தானின் எண் நூலகமான நம்பையின் (NumPy) 1.24 பதிப்பில் 'என்பி.ஃப்ளோட்' என்ற பெயரையே தூக்கிவிட்டார்கள். எத்தனை பேருடைய பழைய நிரல்கள் படுத்தன! பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய க்னூபிளாட் நிரல் நேற்றும் ஓடியது.

பாம்பாட்டி:
பதிப்பு எண்களை ஒரு கோப்பில் எழுதி வைக்காதது யார் தப்பு?

புள்ளியியல்காரி:
ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 என்று ஒரு வரைபட நூலகம் இருப்பது இருவருக்கும் நினைவில்லையா? 'ஃபேசெட்_ராப்' ஒரு வரியில் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துத் தரும். சரி, எதை எடுத்தாலும் வெப்பப் படத்துக்கு வானவில் நிறங்கள் வேண்டாம். நடுவில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பட்டை வரும், அங்கே ஏதோ எல்லை இருப்பதாக நினைப்போம், தரவில் ஒன்றும் இருக்காது. மேட்பிளாட்லிப்கூட 2017-இல் தன் இயல்பு நிறவரிசையாக இருந்த வானவில் 'ஜெட்'டைக் கைவிட்டு, வெளிச்சம் சீராகக் கூடும் 'விரிடிஸு'க்கு மாறியது அதனால்தான்.

வெப்பஓட்டம்:
இரண்டையும் முயன்றேன். க்னூபிளாட்டில் பத்து நிமிடத்தில் படம் வந்தது. பாண்டாஸில் சராசரி கேட்டால், வெப்பநிலைப் பத்தி எண்ணே இல்லை, எழுத்து என்று பிழை. திறந்து பார்த்தால் 37 கோப்புகளில் எண்ணுக்குப் பதில் '******' என்று நட்சத்திரக் குறிகள்.

பாம்பாட்டி:
வெளியீட்டு வடிவம் எஃப்6.2-ஆ, அதாவது புள்ளியும் சேர்த்து மொத்தம் ஆறு இடம், புள்ளிக்குப் பின் இரண்டு?

வெப்பஓட்டம்:
ஆமாம். கெல்வினில் ஆயிரத்தைத் தாண்டியதும் ஆறு இடத்துக்குள் அடங்கவில்லை. எக்செல் அவற்றைப் பூச்சியமாக வரைந்திருக்கிறது. கணக்கீடு நிலைகுலைகிறது என்று நினைத்து இரண்டு வாரமாக நேர இடைவெளியைக் குறைத்துக்கொண்டே இருந்தேன்.

பாம்பாட்டி:
பார்த்தீர்களா, கத்திச் சொன்னது பைத்தான்தான். க்னூபிளாட் அந்தப் புள்ளிகளை வாய் திறக்காமல் விட்டுவிட்டது.

பழைய_டெர்மினல்:
ஒப்புக்கொள்கிறேன், அந்த இடத்தில் மட்டும். எஃப்10.2 என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் படத்தை க்னூபிளாட்டிலேயே போடுங்கள்.

வெப்பஓட்டம்:
ஓடிக்கொண்டிருக்கிறது. 112-ஆவது கோப்பு.