மூவுறுப்புக் கோவையும் பத்துச் சோதனையும்

(எக்ஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் தட்டச்சு செய்யப் பொறுமை இல்லை. ய என்றே போடுகிறேன்.)

மூன்று உறுப்புள்ள கோவையை இரண்டு அடைப்புகளின் பெருக்கலாகப் பிரிப்பதில், அதாவது காரணிப்படுத்துவதில், ய² + 5ய + 6 = (ய + 2)(ய + 3) வரை என் வகுப்பில் சிக்கலே வராது. பெருக்கினால் 6, கூட்டினால் 5, ஆக 2-ம் 3-ம் என்று கடைசி பெஞ்சு வரை கத்திச் சொல்வார்கள். குறி மாறியதும்தான் சத்தம் அடங்கும். அதனால் நான்கையும் ஒன்றாகவே பலகையில் எழுதிவிடுவேன்: ய² + 5ய + 6, ய² − 5ய + 6, ய² + 5ய − 6, ய² − 5ய − 6. அதே 5, அதே 6, நான்குமே காரணிப்படும். முதல் இரண்டுக்கும் 2, 3. மற்ற இரண்டுக்கும் 6, 1. கடைசி உறுப்பு கழித்தலில் இருந்தால் இரண்டு எண்ணும் எதிரெதிர்க் குறி என்பதை நான் வாய் திறக்கும் முன் யாராவது பிடித்துவிடுவார்கள்.

உண்மையான மேடு 6ய² + 7ய − 3 தான். 6-ஐயும் −3-ஐயும் பெருக்கினால் −18. பெருக்கினால் அதுவும் கூட்டினால் 7-ம் வர 9, −2. உடனே (ய + 9)(ய − 2) என்று எழுதி பேனாவை மூடிவிடும் கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. நடு உறுப்பை ஒழுங்காகப் பிரித்து 6ய² + 9ய − 2ய − 3 வரை வந்தவர்களோ, −1-ஐ வெளியே எடுத்துவிட்டு உள்ளே (2ய + 3)-க்குப் பதில் (2ய − 3) என்று போடுவார்கள். "சார், அடைப்புக்குள்ள ஒத்து வரலையே" என்பார்கள்.

இந்த இரண்டுக்கும் என் மருந்து, ய-க்கு 10 போடச் சொல்வது. கோவை 600 + 70 − 3 = 667. (ய + 9)(ய − 2) என்றால் 19 × 8, 152 தான். (2ய + 3)(3ய − 1) என்றால் 23 × 29, கச்சிதமாக 667. பிறகு விடை சரியா என்று யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

"முதலையும் கடைசியையும் ஏன் பெருக்கணும்?" என்று கேட்கும் பிள்ளைக்கு அதே விடையை விரித்துக் காட்டுவேன். நடுவில் வரும் −2 என்பது 2 × −1, 9 என்பது 3 × 3. முதல் கெழு (ய²-க்கு முன் உள்ள எண்) 6 என்பது 2 × 3, கடைசி −3 என்பது 3 × −1. இரண்டு பக்கமும் அதே நான்கு எண்கள்தான், ஜோடி மட்டும் மாறியிருக்கிறது.

*

மேலே எழுதிய ஆசிரியர் சொன்ன, ய-க்கு 10 போட்டுப் பார்க்கும் பத்துச் சோதனையை என் வகுப்பில் நானும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் ஒரு வால் என்னிடம் ய² + 5ய + 6-க்கு (ய + 16)(ய − 4) என்று எழுதிக் காட்டினான். "10 போட்டா 26 × 6, 156. கோவையும் 156. மார்க் போடுங்க டீச்சர்!" வேண்டுமென்றே 156-ஐ உடைத்துச் செய்த வேலை. 0 போடச் சொன்னேன்: ஒரு பக்கம் 6, மறு பக்கம் −64. விடவில்லை, அவன் விடையை விரித்து அதிலிருந்து கோவையைக் கழிக்கவும் சொன்னேன். 7ய − 70 வந்தது, அது பூச்சியமாவது ய 10 ஆகும்போது மட்டும்தான். 10-ல் மட்டும் ஏன் ஒத்துப்போனது என்பது அவனுக்கே புரிந்துவிட்டது. அன்று பாடத்திட்டத்தில் இருந்தது ஒன்றும் ஓடவில்லை. பரவாயில்லை.

*

மேலே எழுதிய இருவரைப் போல நானும் இதை நடத்துகிறவன்தான்; நான் பயிற்சியில் ய² + 5ய + 3 மாதிரி ஒன்றைக் கலந்துவிடுவேன். 3-க்கு 1, 3 விட்டால் வேறு ஜோடி இல்லை, கூட்டினால் 4 தான். −1, −3 போட்டாலும் −4. முழு எண்களில் காரணிப்படாது என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுத மாட்டார்கள். அரைப் பக்கம் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் "கேள்வி தப்பு" என்று எழுதி வைக்கிறார்கள்.