செட்டர் லீவு போட்டா ரிஜெக்‌ஷன் ஏறுது, என்ன பண்ணலாம்?

கேள்வி: ஓசூர்ல சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் ப்ரோகிராம்ல ஓடுற கடைசல் மெஷின்) லைன். சீனியர் செட்டர் (மெஷினை வேலைக்கு ரெடி பண்றவர்) வரலைன்னா செட்டிங் 40 நிமிஷம் போய் ரெண்டு மணி நேரம் ஆகுது. அவருக்குத் தெரிஞ்சது மத்தவங்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

பதில் 1: ஆஃப்செட் எண்ணை (டூல் நிக்கிற இடத்தைச் சரிபண்ண மெஷின்ல போடற திருத்தம்) மட்டும் நோட்டுல எழுதி வாங்கினா போதாதுங்க, ஏன் மாத்தினார்னும் வேணும். விட்டம் 0.02 மி.மீ. கூடுதலா வந்தா, டயாமீட்டர் ப்ரோகிராம்ல (எக்ஸ் அளவை விட்டமாவே கொடுக்கிறது) எக்ஸ் வேர் ஆஃப்செட்ல (டூல் தேய்மானத்துக்கான திருத்தம்) முழு 0.02ஐயும் கழிக்கணும். புதுசா வர்றவங்க ஆரம்னு நினைச்சு பாதியைக் கழிச்சு அடுத்த பீஸையும் கெடுத்துடுவாங்க.

பதில் 2: 1940கள்ல அமெரிக்காவுல வந்த டிடபிள்யூஐ (Training Within Industry, வேலை இடத்துலேயே பயிற்சி) முறை இதுக்குத்தான்: தயார் பண்றது, செஞ்சு காட்டறது, செய்ய விடறது, அப்புறம் கவனிக்கிறது. மூணாவதுலதான் கோட்டை விடுறாங்க. கத்துக்கறவர் செஞ்சுக்கிட்டே காரணத்தையும் வாய்விட்டுச் சொல்லணும்.

பதில் 3: இன்சென்டிவ் ஆளுக்கு ஆள் பீஸ் கணக்கா? அப்போ யாரு சொல்லித் தருவா! லைனுக்கு மொத்தமா மாத்துங்க. ஷிஃப்ட் மாறும்போது 10 நிமிஷம் சம்பளத்தோட ஒதுக்குங்க, டீ பிரேக்ல கை வைக்காதீங்க.