தின்றுகொண்டே மெலியும் பட்ஜி, எச்சத்தில் முழுத் தினை: ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

நீலவால்:
வணக்கம். ஒரே கூண்டில் ஆறு பட்ஜிகள் (பட்ஜெரிகர் எனும் சிறு கிளிகள்). அதில் ஒரு ஆண் நாள் முழுக்க தீனிக் கிண்ணத்தை விட்டு நகர்வதில்லை, ஆனால் எடை 38 கிராமிலிருந்து 31க்கு இறங்கிவிட்டது. கையில் பிடித்தால் நெஞ்செலும்பு கத்தி விளிம்பு போலத் தட்டுப்படுகிறது. எச்சத்தில் தினை அரைபடாமல் முழுசாக வருகிறது. அவ்வப்போது தலையை உதறிக் கக்குகிறது, உச்சி இறகு பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. மூக்கு, கண், மூச்சு சரியாகத்தான் இருக்கின்றன. போன மாதம் வாங்கிய பெண் பறவையை நேரே இதே கூண்டில் விட்டிருந்தேன். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலந்து ஆறுக்கும் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

ஸ்லைடு:
பொடியை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். முதல் சந்தேகம் மேக்ரோராப்டஸ், பலர் இன்னும் மெகாபாக்டீரியா என்று சொல்லும் அதே கிருமி. பெயரில்தான் பாக்டீரியா, உண்மையில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. டாக்ஸிசைக்ளினுக்கு அது அசையாது. சுரக்கும் இரைப்பை அரைவைப்பையோடு சேரும் குறுகிய இடத்தில் ஒட்டி வளரும். அங்கே செரிமானம் கெட்டுவிட்டால் விதை வந்தபடியே வெளியே போகும். தின்பது போலத் தெரிவதையும் நம்பாதீர்கள். நோயுற்ற பட்ஜி பாதி நேரம் விதையை உரித்து உரித்துக் கீழே போடும். கிண்ணத்தின் அடியில் உமி நீக்கிய விதை குவிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உறுதி செய்ய எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். புது எச்சமாக இருக்கட்டும். அதைச் சலைன் நீரில் கரைத்து, கனமான துகள்கள் அடியில் படிய விட்டு, மேல்மட்டத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து 100 மடங்கிலும் 400 மடங்கிலும் பார்ப்பார்கள். நேரான, நிறமற்ற, முனை மழுங்கிய நீளக் குச்சிகள் தெரியும். நீளம் 20 முதல் 80 மைக்ரான் வரை, அகலம் 2, 3 மைக்ரான்தான். சாயமே வேண்டாம்.

ஒன்று முக்கியம்: இது தினமும் எச்சத்தில் வராது. ஒருநாள் எடுத்ததில் ஒன்றும் இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பல நாள் எச்சத்தைச் சேர்த்துக் கொடுங்கள்.

தீனிப்பை:
ஸ்லைடு சொன்னதோடு உடன்பாடுதான், ஆனால் அந்த ஒட்டிய உச்சி இறகு என்னை டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி பக்கம் இழுக்கிறது. தலையை உதறிக் கக்கும்போது சளி தலையிலேயே தெறித்து அப்படி ஆகும். (கண்ணாடியையோ ஜோடியையோ பார்த்து ஆண் பறவை சுத்தமான விதையைக் கக்கி ஊட்டுவது வேறு. அது நோயில்லை.)

அதற்கு எச்சம் போதாது, தீனிப்பையிலிருந்து (தொண்டைக்குக் கீழே விதை தங்கும் பை) ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சியால் தொட்டு மாதிரி, எடுக்க வேண்டும். எடுத்த சில நிமிடங்களில், வெதுவெதுப்பான சலைனில், சூடு ஆறுவதற்குள் பார்த்தால் ஒற்றைச் செல் உயிர் துள்ளி ஓடுவது தெரியும். ஆறிவிட்டால் அசைவு நின்றுபோகும், வெறும் செல் என்று கடந்துபோவார்கள். குப்பியில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் பெரும்பாலும் தவறிவிடும் என்பது இதனால்தான். எனவே பறவையையே மைக்ரோஸ்கோப் இருக்கும் மருத்துவரிடம் கொண்டு போங்கள், ஒரே வருகையில் இரண்டையும் பார்த்துவிடலாம். டிரைக்கோமோனாஸ் என்றால் மருந்து மெட்ரோனிடசோல் அல்லது ரோனிடசோல், பூஞ்சை மருந்து அல்ல. இந்த ஒட்டுண்ணி காய்ந்தால் சீக்கிரம் சாகும், ஈரத்தில் தாக்குப்பிடிக்கும். தண்ணீர்க் கிண்ணத்தை தினமும் கழுவிக் காயவைத்து மாற்றுவது பாதி வேலையை முடிக்கும்.

இரண்டும் இல்லை என்றால் ஈய நஞ்சு, போர்னாவைரஸ் (இரைப்பை நரம்புகளைக் கெடுக்கும் வைரஸ்) என்று தேடல் நீளும். எக்ஸ்ரே அப்போது.

முகக்கவசம்:
டாக்ஸிசைக்ளின் என்ற பேச்சு வந்ததால் சிட்டகோசிஸ், அதாவது கிளிக் காய்ச்சல், பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிளமிடியா சிட்டாசி கிருமி. பட்ஜியில் பலமுறை வெளியே ஒன்றும் காட்டாது. எலுமிச்சைப் பச்சை யூரேட் (எச்சத்தில் வழக்கமாக வெள்ளையாக இருக்கும் பகுதி), கண் வீக்கம், மூச்சுத் தொந்தரவு இருந்தால் சந்தேகம் கூடும். உங்கள் பறவையில் அவை இல்லை, ஆனாலும் வெளியிலிருந்து வந்த பறவை இருப்பதால் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கேட்பது தப்பில்லை. கண், அண்ணப் பிளவு (மேல்வாயில் இயல்பாக உள்ள பிளவு), மலத்துவாரம் மூன்றிலிருந்தும் ஸ்வாப் எடுப்பது நல்லது.

அது உறுதியானால் மட்டுமே டாக்ஸிசைக்ளின். வழக்கமாக 45 நாள், பட்ஜிக்கு 30 நாள். அப்போது கணவாய் ஓடு, தாதுக் கட்டி இரண்டையும் எடுத்துவிட வேண்டும், கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நாலைந்து நாள் கொடுத்து நிறுத்துவது கொடுக்காததைவிட மோசம்: பறவை தெளிந்ததுபோல் இருக்கும், கிருமி உள்ளேயே இருந்து பரவும், சோதனையும் பொய் சொல்லும்.

இது மனிதருக்கும் தொற்றும். காய்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள். முதலில் நனைத்து, பிறகு துடைத்து எடுங்கள், என்95 போட்டுக்கொண்டு. தட்டைக் கழுவிய பிறகு 1 பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஊற வையுங்கள். அழுக்கோடு ஊற்றினால் ப்ளீச் அழுக்கிலேயே செலவாகிவிடும். அந்த நேரம் பறவைகள் வேறு அறையில் இருக்கட்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வந்தால் பறவை வளர்ப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், நாமாகச் சொல்லாவிட்டால் கேட்கத் தோன்றாது.

நீலவால்:
நன்றி. எச்சத்தில் குச்சிகள் நிறையவே தெரிந்தன, தீனிப்பை ஸ்வாப் சுத்தம். ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சை மருந்து, மில்லிக்கு 100 மி.கி. என்று தந்திருக்கிறார்கள், கிலோவுக்கு 100 மி.கி. வீதம் வாய்வழியாக தினம் இருமுறை, 30 நாள். 0.03 மில்லி எப்படி அளப்பது? மற்ற ஐந்துக்கும் வேண்டுமா?

ஸ்லைடு:
31 கிராம் பறவைக்கு ஒரு வேளைக்கு 3.1 மி.கி., அதாவது 0.031 மில்லி. 1 மில்லி சிரிஞ்சில் ஒரு கோடு 0.01, கை நடுங்கினாலே மூன்றில் ஒரு பங்கு பிசகும். மில்லிக்கு 25 மி.கி. ஆக நீர்த்துத் தரச் சொல்லுங்கள், அப்போது 0.12 மில்லி, அளக்கலாம். மருந்து அடியில் படியும், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். குடல் வழியாக இது உடம்பில் பெரிதாகச் சேராது, பூஞ்சை மேல் நேரடியாகப் பட்டால்தான் வேலை. அதனால் அலகின் இடது ஓரமாக வைத்து, விழுங்கவிட்டு, மெல்லச் செலுத்துங்கள். மூச்சுக்குழாயில் போனால் அதுவே ஆபத்து. தண்ணீரில் கலப்பது இங்கே உதவாது, எவ்வளவு குடித்தது என்றே தெரியாது.

தனிக் கூண்டு, 29 முதல் 32 டிகிரி வெப்பம், ஒரு ஓரம் மட்டும் சூடாக, வேண்டாம் என்றால் விலகிப்போக இடம் விட்டு. தினமும் காலையில் தீனிக்கு முன் எடை. மற்ற ஐந்தின் எச்சத்தையும் தனித்தனியே பார்த்துவிட்டு, கிருமி இருப்பதற்கு மட்டும் மருந்து. நோயில்லாமல் சுமப்பவை நிறைய உண்டு, கண்மூடித்தனமாக ஆறுக்கும் ஊற்ற வேண்டாம். மருந்து முடிந்ததும் ஒருமுறை, சில வாரம் கழித்து இன்னொருமுறை எச்சம் பாருங்கள், மருந்து ஓடும்போது மறைந்து பிறகு திரும்புவது சகஜம்.

முகக்கவசம்:
அடுத்த பறவைக்கு 30 முதல் 45 நாள் வேறு அறை. அதே அறையில் வேறு கூண்டு என்பது தனிமைப்படுத்தல் ஆகாது, எச்சத் தூசி காற்றில் போகும். பழைய பறவைகளுக்கு முதலில் தீனி, புதுசுக்குக் கடைசியில்.