கையை நீட்டி ஃபவுல் வாங்கும் பிள்ளைகளுக்கு டிஃபென்ஸ் எப்படிப் பழக்குவது?

பாலக்கோடு கோச்:
பாலக்கோடு பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பாஸ், லேஅப் எல்லாம் பரவாயில்லை. ஆனால் பந்து வைத்திருப்பவளை மறிக்கச் சொன்னால் காலை நகர்த்தாமல் கையை வீசிவிடுகிறார்கள். ஒரு குவார்ட்டருக்குள் 4 டீம் ஃபவுல் (அணியில் எல்லாரும் செய்ததைச் சேர்த்து எண்ணுவது) தாண்டிவிடுகிறது, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. குறுவட்டப் போட்டிக்குள் எந்த டிரில் கொடுக்கலாம்?

கிருஷ்ணகிரி பி.இ.டி.:
சார், முதலில் கையைக் கட்டுங்கள். ஆளுக்கொரு துண்டு கொடுத்து இரண்டு முனையையும் முதுகுக்குப் பின்னால் பிடிக்கச் சொல்லி ஜிக்ஜாக் ஓட்டுங்கள், அதாவது பந்தோடு வளைந்து வளைந்து வருபவளை முன்னால் நின்று மறித்துக்கொண்டே போவது. பந்து வைத்திருப்பவள் பாதி வேகத்தில் வந்தால் போதும். நீங்கள் பார்க்க வேண்டியது மறிப்பவளின் கால். வலப்பக்கம் நகர இடது கால்தான் தரையை உந்த வேண்டும். பல பிள்ளைகள் வலது காலை எட்டி வைத்துவிட்டு இடது காலை இழுத்துக்கொண்டு வருவார்கள், இரண்டு குதிகாலும் ஒட்டிக்கொள்ளும், அந்த நொடியில்தான் எதிராளி திசை மாற்றிப் போய்விடுவாள். குதிகால் ஒட்டினால் உடனே விசில் ஊதுங்கள். கண் எதிராளியின் இடுப்பில் இருக்கட்டும், பந்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவார்கள்.

ஓசூர் கார்டு:
துண்டு நல்ல யோசனைதான். ஆனால் ஜிக்ஜாகிலேயே நின்றுவிடாதீர்கள் அண்ணா, எங்கே திரும்புவாள் என்று முன்பே தெரிந்த டிரில் அது. ஒரு வாரம் கழித்து சாக்பீஸில் இரண்டு கோடு போட்டு, நடுவில் மூன்று மீட்டர் விட்டு, ஒருத்திக்கு ஒருத்தி முழு வேகத்தில் மோத விடுங்கள். பந்தைப் பறித்தால் புள்ளி கிடையாது. கோட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனாலோ டிரிபிளை, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவதை, நிறுத்த வைத்தாலோதான் புள்ளி. உடம்பால் தள்ளுவதில்லை, அவள் போகும் வழியில் முந்திப் போய் நிற்பது. தாண்டிவிட்டால் பின்னாலிருந்து கை போடவே கூடாது, திரும்பி ஓடி மறுபடி முன்னால் வந்து நிற்கணும். இதை யாரும் தனியாகப் பழக்குவதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

பாலக்கோடு கோச்:
ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். டிரிபிளை நிறுத்திப் பந்தைக் கையில் பிடித்துவிட்டால்?

ஓசூர் கார்டு:
அப்போது ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டருக்குள் நின்று மறித்தால் பந்தைப் பாஸ் பண்ணவோ கூடைக்கு எறியவோ அவளுக்கு 5 நொடிதான், மறுபடி டிரிபிள் பண்ணவும் முடியாது. கை இரண்டும் மேலே நேராக இருக்கணும், கீழே இறக்கினால் ஃபவுல் வரும். பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் சத்தமாக ஒன்று, இரண்டு எண்ணட்டும்.

கிருஷ்ணகிரி பி.இ.டி.:
சிமெண்ட் கோர்ட் என்றால் முதலில் மணலைக் கூட்டிவிடுங்கள், பக்கவாட்டில் கால் நகர்த்தி ஸ்லைடு போடும்போது வழுக்கும்.