ரேஷன் அரிசியா, காசா? சமநோக்கு வளைகோடு நம்ம வீட்டுக்கு பொருந்துதா?

செகண்ட்_இயர்_எகனாமிக்ஸ்:
எக்ஸாமுக்கு படிச்சிட்டு இருக்கேன். பொருளா குடுக்கறதுக்கு பதிலா அதே மதிப்புக்கு காசா குடுத்தா நுகர்வோர் மேல இருக்கற சமநோக்கு வளைகோட்டுக்கு (ஒரே அளவு திருப்தி தர்ற பொருள் கலவைகள சேத்து வரையற கோடு, மேல போகப்போக திருப்தி அதிகம்) போவாங்க, மோசமா போனாலும் அதே கோட்டுலதான் நிப்பாங்கன்னு பாடத்துல இருக்கு, வரைஞ்சு பாத்தா சரியாத்தான் வருது. ஆனா ரேஷன் அரிசிக்கு பதிலா காசு போட்டா என்னன்னு அம்மாகிட்ட கேட்டேன், வேணவே வேணாம்னுட்டாங்க. அம்மா கணக்கு தப்பா, இல்ல தியரில ஏதாவது விட்டுப்போச்சா?

சேலம்_வாத்தியார்:
உதாரணத்துக்கு உங்க வீட்டுக்கு மாசம் 30 கிலோ அரிசி ஆகுது, ரேஷன்ல 20 வருதுன்னு வச்சுக்கோங்க. மிச்சம் 10 எப்படியும் கடைல வாங்கத்தான் போறீங்க, அதனால அந்த 20 கிலோவும் அதுக்கான காசும் உங்களுக்கு ஒண்ணுதான். 12 கிலோ மட்டும் ஆகுற வீடுன்னாதான் காசு ஒசத்தி, மிச்சம் 8 கிலோவுக்கான காச வேற எதுக்காவது செலவழிக்கலாம். ஆனா இதெல்லாம் ரேஷன் அரிசியும் கடை அரிசியும் ஒரே பொருள்னு வச்சு போடற கணக்கு. நிறைய வீட்ல சோத்துக்கு பொன்னி வாங்கறாங்க, ரேஷன் புழுங்கல் அரிசிய உளுந்தோட ஊறப்போட்டு இட்லி மாவுக்கு ஆட்டிடறாங்க. மாவுக்கு ஒண்ணுக்கு பதில் இன்னொண்ண தாராளமா போடலாம், அதனால சமநோக்கு கோடு வளையாம நேர்கோடா வரும். சோறுன்னா அந்த வாடை பிடிக்காதவங்க ஒரு கிலோ பொன்னிய விட்டுக்குடுக்க எத்தன கிலோ ரேஷன் அரிசி கேப்பாங்கன்னு யோசிச்சு பாருங்க, இறுதிநிலை பதிலீட்டு வீதம்னு பாடத்துல வர்றது அதுதான்.

பாண்டி_பாலா:
எங்க புதுச்சேரில இத நிஜமாவே செஞ்சு பாத்தாச்சு தம்பி. 2015ல இருந்து அரிசிக்கு பதிலா பேங்க்ல காசு போட்டாங்க, அரிசியா காசாங்கற சண்டை முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் நடுவுல கோர்ட் வரைக்கும் போச்சு, ஜனங்க அரிசியத்தான் கேட்டாங்க, மூடிக்கிடந்த ரேஷன் கடைங்க 2024லதான் திரும்ப திறந்துச்சு. மார்க்கெட்ல அரிசி விலை ஏறினா அக்கவுண்ட்ல வர்ற காசு தானா ஏறாது, விலைக்கோடு (கைல இருக்கற காசுக்கு எவ்வளவு வாங்க முடியும்னு காட்டற கோடு) அரிசி பக்கம் உள்ள வந்துடும். அரிசியா வந்தா என்ன விலை வித்தாலும் 20 கிலோ 20 கிலோதான். உங்கம்மா கணக்குல இது கண்டிப்பா இருக்கும்.

கவிதா_ஈரோடு:
யாருமே இத சொல்லலயே, வீட்டுக்கே ஒரே கர்வ் வரையறோமே அது யாரோட விருப்பம்? அரிசி வந்தா நேரா அடுப்படிக்கு போகும், காசு வீட்டுக்காரர் அக்கவுண்ட்ல விழுந்தா கடன் தவணைக்கு புடிச்சுக்குவாங்க, அப்புறம் எங்க அரிசி வாங்கறது. 2023 செப்டம்பர்ல இருந்து வர்ற மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய பொம்பளைங்க அக்கவுண்ட்லயே போடறாங்க பாருங்க, அந்த காச வேணாம்னு உங்கம்மா சொல்லுவாங்களா, கேட்டுப்பாருங்க.

செகண்ட்_இயர்_எகனாமிக்ஸ்:
கேட்டேன்க்கா, அது அவங்க கைக்கு வருதாம், அதனால வேணுமாம். பத்து மார்க் கேள்விக்கு இதெல்லாம் எழுதலாமா சார்?

சேலம்_வாத்தியார்:
தாராளமா எழுதுங்க. மொதல்ல ஹிக்ஸ், ஆலன்ங்கற பொருளாதார அறிஞர்கள் 1934ல சொன்ன மாதிரி படத்த போட்டு அனுமானங்கள எழுதிடுங்க, விலை மாறாது, பொருள் ஒரே தரம், முடிவு எடுக்கறது ஒரே ஆள்னு. அப்புறம் எந்த அனுமானம் எங்க உடையுதுன்னு புதுச்சேரிய வச்சு ஒரு பாரா எழுதுங்க. படத்துல அச்சுக்கு பேர் எழுத மறந்துடாதீங்க, மார்க் அங்கதான் போகுது.